வாய்தாவை வக்கீல் தலையில் கட்டாதீர்கள்

அந்தக் காணொளியை இதுவரை பத்துப் பேராவது அனுப்பிவிட்டார்கள். "குடும்ப நல வக்கீல்னா குடும்பத்தைப் பிரிச்சு, வாய்தா வாங்கியே சம்பாதிக்கிறவன்" என்று மேடையில் ஒருவர் சொன்னதும் அரங்கமே கைதட்டுகிறது. கைதட்டியவர்களில் எத்தனை பேர் ஒரு வழக்குக் கட்டைப் பிரித்துப் பார்த்திருப்பார்கள்?

தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் அந்த வழக்குக் கட்டுக்குள்தான் இருக்கிறது. முதல் நாள் சரியாகக் கேட்டு எழுதாத விஷயம்தான் பிறகு வாய்தாவாக வந்து நிற்கும். விலாசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பத்திரிகையில் இருந்த விலாசத்தை அப்படியே மனுவில் போட்டால், சம்மன் "விலாசத்தில் இல்லை" என்று திரும்பும். மறுபடி பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்) கட்ட வேண்டும், மறுபடி சம்மன் போகும், அதுவும் திரும்பினால் பத்திரிகை விளம்பரத்துக்குத் தனி மனு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்தா. எதிர்த்தரப்பு வராமலே அவசரப்பட்டு எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வாங்கினாலும், சம்மனை முறையாகச் சார்பு செய்யவில்லை, அதாவது உரியவர் கையில் சேர்க்கவில்லை என்றால், தெரியவந்த 30 நாளுக்குள் எதிர்த்தரப்பு ரத்து மனு போட்டுவிடும். வழக்கு பழைய இடத்துக்கே வந்துவிடும். அனுபவமுள்ள வக்கீல் முதல் சந்திப்பிலேயே எதிர்த்தரப்பு வேலை செய்யும் இடம், இப்போது தங்கியிருக்கும் வீடு, பெற்றோர் வீடு என்று மூன்று விலாசம் கேட்பது இதற்காகத்தான். கேட்டால் "துருவித் துருவிக் கேக்குறார்" என்று பெயர்.

இடைக்கால ஜீவனாம்சமும் அப்படித்தான். இந்து திருமணச் சட்டம் 24ஆவது பிரிவு, நோட்டீஸ் சார்பான 60 நாளுக்குள் கூடியவரை முடிக்கச் சொல்கிறது. 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், இரு தரப்பும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். நடப்பது என்ன? "தனியார் வேலை, சம்பளம் 15,000" என்று ஒரே வரி. அதை அப்படியே விட்டால் போச்சு. விவரம் தெரிந்தவர் வங்கிக் கணக்கு விவரத்தைக் கேட்டு மனுப் போடுவார். வந்ததும் வரி வரியாக விரல் வைத்துப் படிப்பார். 15,000 சம்பளக்காரர் கணக்கில் மாதா மாதம் 22,000 வீட்டுக்கடன் தவணை போயிருக்கும். குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரி போதும். அதே கண்டிப்பு தன் கட்சிக்காரரிடமும் வேண்டும். தன் பெயரில் இருக்கும் வைப்புத்தொகையை மனைவி மறைத்தால், அவர் சொல்லும் உண்மையும் எடுபடாது.

"பேசித் தீர்க்க வக்கீல் எதுக்கு?" என்பார்கள். 1984ஆம் ஆண்டின் குடும்ப நல நீதிமன்றச் சட்டமே, வக்கீல் வைப்பதை உரிமையாகக் கேட்க முடியாது என்றுதான் சொல்கிறது. தனியாக வாதாடலாம், தாராளமாக. ஆனால் சொந்த மனைவியைக் கூண்டில் நிறுத்தி "நீ பொய் சொல்றல்ல?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். அதற்குமேல் கேட்கக் கேள்வி இருக்காது.

இழுத்தடிப்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். பரஸ்பர சம்மத விவாகரத்தில் ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் தளர்த்தலாம் என்று 2017இல், அமர்தீப் சிங் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த மனுவைப் போடாமலே "காத்திருங்க" என்பவர்கள் உண்டு. கிடைக்கும் ஜீவனாம்சத்தில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுகிறவர்களும் உண்டு. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக் கூடாது என்பது வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி. புகார் கொடுங்கள், நானும் கூட வருகிறேன். அவர்களைக் காட்டி மொத்தப் பேரையும் தரகர் என்றால் எப்படி?

சமரச ஒப்பந்தம் எழுதுவதைச் சாதாரணமாக நினைக்கிறார்கள். விவாகரத்து கிடைத்தால், மனைவியைக் கொடுமைப்படுத்தியதாகப் பழைய தண்டனைச் சட்டத்தில் போட்ட 498ஏ வழக்கும் தானாக முடிந்துவிடும் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டவர், அது நிலுவையில் இருப்பது தெரிந்து பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போதுதான் விழிப்பார். அதை உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டுத்தான் ரத்துசெய்ய வேண்டும். அதனால்தான் கடைசித் தவணைப் பணத்தை அந்த ரத்து உத்தரவு வரும்போதுதான் தருவது என்று ஒப்பந்தத்தில் எழுதுவார்கள். பிள்ளையின் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் யார் கையெழுத்து, கோடை விடுமுறையில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை யாரிடம், எந்த இடத்தில் எத்தனை மணிக்கு ஒப்படைப்பது, எல்லாம் எழுத்தில் வேண்டும். "விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் அடுத்த மே மாதமே, ஒப்பந்தப்படி நடக்கச் சொல்லி நிறைவேற்று மனு வரும்.

பிரிக்கிறவன் என்கிறீர்களே, அதுதான் வலிக்கிறது. வீட்டில் பேசி, ஊர்ப் பெரியவர்கள் பேசி, காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, எல்லாம் தீர்ந்த பிறகுதான் ஒரு பெண் மஞ்சப்பையில் நகை ரசீதுகளோடு வந்து உட்காருகிறாள். பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கில், "பிள்ளைக்குப் பதில் சொல்லிக்கொடுத்துக் கூட்டிட்டு வராதீங்க" என்று சொந்தக் கட்சிக்காரரிடமே சண்டை போடுவது யார்? நீதிபதி பிள்ளையைத் தன் அறைக்குள் கூப்பிட்டுப் பேசும் அந்தப் பத்து நிமிடம் அப்பா ஒரு சுவரோரம், அம்மா எதிர்ச் சுவரோரம், நடுவில் இரண்டு பக்க வக்கீலும் வாய் திறக்காமல் நிற்பார்கள். காணொளியில் பேசியவர் ஒரு நாள் அந்த வராந்தாவுக்கு வரட்டும்.