சிலேட் டிரக்: 20,000 டாலர் விலை இப்போது இல்லை

"அமெரிக்காவின் சிலேட் நிறுவனம் 20,000 டாலருக்கும் குறைவாக மின்சார பிக்கப் தருகிறது, உடல் முழுக்க பிளாஸ்டிக், மோதினால் நொறுங்கிவிடும், ஜன்னல் கண்ணாடியைக் கையால்தான் இறக்க வேண்டும், ரேடியோகூட இல்லை" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. விலை பழையது, மோதல் கதை தவறு.

2025 ஏப்ரலில் வண்டியை அறிமுகம் செய்தபோது அந்த விலையை நிறுவனமே சொன்னது உண்மைதான். ஆனால் அது மின்சார வண்டி வாங்குவோருக்கு அமெரிக்க மத்திய அரசு தந்த 7,500 டாலர் வரிச் சலுகையைக் கழித்த கணக்கு. ஜூலையில் வந்த புதிய சட்டம் அந்தச் சலுகையை 2025 செப்டம்பர் 30-உடன் முடித்துவைத்தது. உடனே சிலேட் தன் விளம்பரத்திலிருந்து பழைய தொகையை எடுத்துவிட்டு, 25,000 டாலரை ஒட்டிய விலை என்று மாற்றிக்கொண்டது. ஆர்வலர்கள் மட்டும் இன்னும் பழைய விலை போட்ட படத்தையே பகிர்ந்து மகிழ்கிறார்கள்.

பிளாஸ்டிக் என்பது வெளிப்புறப் பலகைகள் மட்டுமே. பாலிப்ரொப்பிலீன் கலவையில் வார்த்த அவை மோதலின் வேகத்தைத் தாங்குபவை அல்ல. அந்த வேலை உள்ளே இருக்கும் எஃகுச் சட்டத்துடையது. 1990-களிலேயே ஜெனரல் மோட்டார்ஸின் சாட்டர்ன் கார்களின் கதவுகள் இப்படித்தான் வந்தன. பெயின்ட் கூடமும் தகடு அழுத்தும் கூடமும் தேவைப்படாததால் செலவு குறைகிறது. எல்லா வண்டியும் ஒரே சாம்பல் நிறத்தில் வருவது அதனால்தான். நிறம் வேண்டுவோர் மேலே படலம் ஒட்டிக்கொள்ளலாம்.

அடிப்படை வண்டியில் ஜன்னல் கண்ணாடியைக் கையால் சுழற்றித்தான் இறக்க வேண்டும், ரேடியோவும் கிடையாது என்பவை மட்டும் உண்மை. இதைக் கஞ்சத்தனம் என்பதா, துணிச்சல் என்பதா? எனக்கு இரண்டாவதுதான் படுகிறது.