பேய் நகரமா?

தனுஷ்கோடி பற்றி எந்த யூடியூப் வீடியோவைத் திறந்தாலும் ‘பேய் நகரம்’, ‘மனிதர்களே இல்லாத ஊர்’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பேசுகிறவர் இரண்டு நிமிடம் கழித்து அங்கேயே உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிடுகிறார். வறுத்துக் கொடுத்தது பேயா?

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் பாம்பனிலிருந்து வந்த ரயிலோடு ஊரும் போனது. வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது. ரயில் நிலையம், இலங்கைத் தலைமன்னாருக்குப் போன கப்பல் எதுவும் அங்கே திரும்பவில்லை. சரி, ஆனால் மீன் இருந்ததே! மீனவர்கள் வந்து ஓலைக் குடிசை போட்டார்கள். ஊரைக் கைவிட்டது அரசும் ரயில்வேயும்தான்.

2017இல் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வருவதற்கு முன்பு, மணலில் ஆடி ஆடிப் போகும் வேனில் ஒருமுறை போனேன். நல்ல வெயில், கையில் தண்ணீர் இல்லை. இடிந்த சர்ச் பக்கம் ஒரு ஆச்சி மணலைக் கையால் பறித்தார். முழங்கை ஆழம்தான் இருக்கும். முதலில் கலங்கலாக ஊறியது, அப்புறம் தெளிந்தது. சிரட்டையில் மொண்டு கொடுத்தார். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, தண்ணீரில் உப்பே இல்லை! மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரைவிட லேசு. மணலுக்குள் அதன்மேல் மிதந்து நிற்கிறது. “ரொம்பத் தோண்டுனா உப்பு ஏறிரும் தம்பி” என்றார் ஆச்சி.

அதே மணலில் அடும்பங்கொடி ஓடிக் கிடக்கிறது. சங்கப் பாட்டு நெய்தல் நிலத்தில் வருமே, அதே அடும்புதான். கணுவுக்குக் கணு வேர் விட்டு, காற்று வாரிக்கொண்டு போகிற மணலைப் பிடித்து வைக்கிறது. பிடித்த மேட்டில் அடுத்த செடி முளைக்கிறது. கரையில் பங்குனி ஆமை முட்டையிட வருகிறது. கோதண்டராமர் கோயில் பக்கத்துச் சேற்றுத் தண்ணீருக்குப் பூநாரைகள் கூட்டமாக வருகின்றன. 2025இல் அரசு அவற்றுக்குச் சரணாலயம் அறிவித்தது.

எனக்குச் சந்தோஷம்தான், கூடவே ஒரு பயமும். காலியான ஊர் என்று நாமே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டால், நாளைக்குக் கரைவலை இழுப்பவரைப் பார்த்து ‘ஆக்கிரமிப்பு’ என்று ஒரு அதிகாரி எழுத எவ்வளவு நேரமாகும்?

சாயங்காலம் ஆனதும் சுற்றுலா வந்தவர்களை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். ‘மனிதர்களே இல்லாத’ அந்த ஊரில் அப்போதுதான் குடிசைகளில் உலை வைக்கிறார்கள்.