புளியங்கொட்டை எண்ணிய நாத்தனார்
சிக்கலான கர்ப்பத்தில் மருந்தைப் போலவே ஆறுதலும் வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அது நூற்றுக்கு நூறு உண்மை. எனக்கு 31-வது வாரத்தில் பிரஷர் 150/100. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் 'பயப்படாதே' என்றார்கள், பயம்தான் கூடியது. என் நாத்தனார் அப்படி எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்டதும் என்னை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வயிற்றில் குழந்தை உதைக்கும்போதெல்லாம் நான் 'உதை' என்று சொல்லச் சொல்ல டம்ளரில் ஒரு புளியங்கொட்டையைப் போடுவார். பத்து சேர்ந்த பிறகுதான் எழுந்து போவார். அந்த 'டிங்' சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கமே வரும்.

அப்புறம், வீட்டில் அப்படி ஒருவர் இல்லாதவர்கள் 14416-க்குப் பேசுங்கள். அது அரசின் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனை எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். ஆனால் குழந்தையின் அசைவு குறைந்தாலோ, விடாத தலைவலி, கண் மங்கல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.