அந்த 10 டிஎம்சி யாருடையது?

போன வாரம் ஒகேனக்கல் போயிருந்தோம். பரிசல் ஓட்டியவரிடம், "பெரிய மீனெல்லாம் கிடைக்குமாண்ணே?" என்று கேட்டேன். "எங்கப்பா காலத்துல கிடைச்சுது" என்று சொல்லிவிட்டுத் துடுப்பைப் போட்டார். கரையில் பொரித்துக்கொண்டிருந்தது கட்லா, ரோகு, ஜிலேபி. மூன்றுமே வெளியிலிருந்து கொண்டுவந்து காவிரியில் விட்டவை.

காவிரிப் படுகைக்கென்றே ஒரு மீன் உண்டு. காளைக்குத் திமில் இருப்பதுபோல முதுகு மேடிட்ட மஹ்சீர். 1946-இல் காவிரியின் துணையாறான கபினியில் வான் இங்கன் என்ற தூண்டில்காரர் பிடித்தது 120 பவுண்டு, நம் கணக்கில் 54 கிலோ! நூறு வருடத்துக்கும் மேலாகத் தூண்டில்காரர்களுக்குத் தெரிந்த இந்த மீனுக்கு அறிவியல் பெயர் உறுதியானது 2018-இல்தான். அதே கையோடு, அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் பட்டியலிலும் ஏறியது. இப்போது அது இருக்கிறது என்று நம்பிச் சொல்லக்கூடிய இடம் நீலகிரிப் பக்கத்து மாயாறுதான்.

அதே 2018 பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றத்தின் காவிரித் தீர்ப்பும் வந்தது. காவிரியின் 740 டிஎம்சியில் (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) நமக்கு 404.25 என்று குறைந்ததைப் பற்றி எல்லோரும் பேசினோம், நானும் கொதித்தேன். டெல்டாக்காரன், ஜூன் 12 மேட்டூர் திறக்குமா என்று பார்த்தே வளர்ந்தவன். ஆனால் அதே கணக்கில் சுற்றுச்சூழலுக்கு என்று 10 டிஎம்சி தனியாக இருப்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 டிஎம்சி, வினாடிக்கு ஏறக்குறைய ஆயிரம் கன அடி. கோடையில் மடுவுக்கும் மடுவுக்கும் தொடர்பு அறாமல் ஆறு ஓட அது வேண்டும்.

குறுவைத் தண்ணீரைப் பிடுங்கி மீனுக்கு விடச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். அமெரிக்காவின் மேல் கொலராடோ ஆற்றில் 1988 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. அங்கேயும் ஒரு கூன் முதுகு மீன், அங்கேயும் பாசனத் தகராறு. விவசாயி பங்கில் கைவைக்காமல், எந்த அணையைத் திறப்பது, எப்போது திறப்பது என்று பேசி முடிவெடுக்கிறார்கள். கிராண்ட் ஜங்ஷன் பக்கத்தில் 15 மைல் நீளத்துக்குக் கோடைக் கடைசியில் ஆறு வற்றாமல் பார்த்துக்கொள்கிறார்கள். திட்டத்தில் சேர்ந்தவருக்கு மீனைச் சொல்லி வழக்கு வராது, அதனால் விவசாயியும் ஒத்துப்போகிறார். அந்தக் கூன் மீன் 2021-இல் ஆபத்துப் பட்டியலில் ஒரு படி இறங்கியது, அதாவது ஆபத்து குறைந்தது. வெளியூர் மீன் தொல்லை மட்டும் அங்கேயும் ஓயவில்லை. நாம் என்ன செய்தோம்? மஹ்சீரைப் பெருக்குகிறோம் என்று நீலத் துடுப்பு மஹ்சீர் என்ற வேறொரு வெளியூர் இனத்தின் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டோம். அது பெருகியது, திமில்காரன் ஒதுங்கினான்.

அப்புறம் மேகதாது, காவிரியில் கர்நாடகம் கட்ட நினைக்கும் அணை. 67 டிஎம்சிக்கு மேல் கொள்ளும் என்கிறார்கள். கட்டினால் காவிரி வனவிலங்குச் சரணாலயக் காடு மூழ்கும், இந்த மீன் வாழ்ந்த பாறை ஓட்டமும் மூழ்கும். நாம் எதிர்க்கிறோம், சரிதான். ஆனால் "எங்கள் பங்கு" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை மீனுக்காகவும் காட்டுக்காகவும் பேசினால் நம் வாதம்தானே வலுக்கும்?

கர்நாடகத்திலிருந்து நமக்கு வரும் தண்ணீரை எல்லையில் பிலிகுண்டுலுவில் தினமும் அளக்கிறார்கள். பிப்ரவரியில் 2.5 டிஎம்சி வந்ததா என்று செய்தி வரும். நாலு நாளில் மொத்தமாகக் கொட்டினார்களா, மாதம் முழுக்க ஓடியதா என்று கேட்ட ஒருவரை நான் இதுவரை பார்க்கவில்லை.