அந்தப் படத்தில் மழையே இல்லை

சில நாட்களாக என் டைம்லைனில் ஒரே விளையாட்டுதான். பிடித்த நான்கு படங்களைச் சொல்லுங்கள் என்று யாரோ கேட்க, ஆளாளுக்கு நான்கு போஸ்டர்களைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கும் பிடித்த விளையாட்டு இது. யார் எதைப் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கவே அடிக்கடி வந்து எட்டிப் பார்த்தேன்.

நேற்று வயதில் மூத்த ஒருவர் மூன்று பெரிய படங்களைப் போட்டுவிட்டு, நான்காவதாக இப்போது யாரும் பேசாத ஒரு படத்தைப் போட்டிருந்தார். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: "அக்காவும் நானும் சேர்ந்து பார்த்த கடைசிப் படம்." சில நிமிடங்களில் ஒருவர் வந்து, "இதெல்லாம் ஒரு படமா சார்? முதல் மூன்றைப் பார்த்து உங்கள் ரசனையை என்னவோ என்று நினைத்துவிட்டேன்" என்று எழுதினார். இன்னும் இரண்டு பேர் சிரிப்புக் குறி போட்டார்கள். மாலையில் போய்ப் பார்த்தால் அந்த நான்காவது படம் இல்லை. அந்த இடத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் இயக்குநரின் படம் இருந்தது. அக்காவைப் பற்றிய வரியும் போய்விட்டது.

அப்போதிலிருந்து மனசே சரியில்லை. அதனால்தான் இந்த நீளப் பதிவு.

பிடித்த படம் எது என்று கேட்டால் சிறந்த படம் எது என்று நாமே மாற்றிப் புரிந்துகொள்கிறோம். சிறந்த படம் என்ற கேள்விக்கே விவரம் தெரிந்தவர்களிடம் நிலையான பதில் கிடையாது. 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமாப் பத்திரிகை 1952-லிருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை விமர்சகர்களைக் கேட்டுப் பட்டியல் போடுகிறது. முதல் பட்டியலில் 'பைசைக்கிள் தீவ்ஸ்' முதலிடம். 'சிட்டிசன் கேன்' அதில் முதல் பத்துக்குள்ளேயே வரவில்லை. அதே படம்தான் 1962-லிருந்து 2002 வரை ஐந்து முறை தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது. 2012-ல் 'வெர்டிகோ' அதைக் கீழே இறக்கியது, 2022-ல் 'ஷான் டீல்மன்' வந்து வெர்டிகோவை இறக்கியது. படங்கள் அப்படியேதான் இருக்கின்றன, பார்க்கிற கண்கள் மாறியிருக்கின்றன. அப்படியிருக்க, ஒரு மனிதர் தன் அக்காவோடு பார்த்த படத்துக்கு மார்க் போட நாம் யார்?

சரி, என் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன்.

அம்மா எங்களுக்கு அடிக்கடி கதையாகச் சொன்ன ஒரு படம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் சித்தியோடு போய்ப் பார்த்தது. தூக்கம் வராத ராத்திரிகளில் அந்தக் கதையைத்தான் கேட்போம். கடைசிக் காட்சிக்கு வரும்போது அம்மாவின் குரல் இறங்கிவிடும். ரயில் போய்விடும். நாயகி பிளாட்பாரத்தில் தனியாக நிற்பாள். மழை கொட்டோ கொட்டென்று கொட்டும், அவள் நகரவே மாட்டாள். சடை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டும். அதைச் சொல்லும்போது அம்மா ஐந்து விரலையும் குவித்து மெதுவாகக் கீழே இறக்கிக் காட்டுவாள். நான் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. ஆனால் அந்தச் சடை எனக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு வருடம் முன்பு அந்தப் படம் இணையத்தில் கிடைத்தது. கட்டிலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இருவரும் பார்த்தோம். கடைசிக் காட்சி வந்தது. ரயில் போனது, நாயகி நின்றாள். நல்ல வெயில். தரையில் அவள் நிழல் தெளிவாக விழுந்திருந்தது. அப்படியே படம் முடிந்துவிட்டது.

"மழையைக் காணோமே" என்றாள் அம்மா.

"படத்துல மழையே இல்லம்மா."

"வெட்டிட்டாங்களோ என்னவோ."

திரும்ப ஓட்டிப் பார்த்தோம். வெட்டிய மாதிரித் தெரியவில்லை. அம்மா சமாதானமாகவில்லை, போனை எடுத்துச் சித்தியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். சித்தி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "படத்துல எங்கக்கா மழை பேஞ்சுது? படம் விட்டு வெளிய வந்தப்பத்தான் பிடிச்சுக்கிச்சு. கடைசி பஸ்ஸும் போயிருச்சு. நீ அழுதுக்கிட்டே நின்ன. உன் சடையிலேருந்துதான் சொட்டிக்கிட்டிருந்துச்சு."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "ஆமாண்டி" என்றாள். கை தன்னையறியாமல் பின்னால் போய்த் தன் நரைத்த சடையைத் தொட்டது.

இதை நான் வேறு எங்கே போய்த் தெரிந்துகொண்டிருக்க முடியும்? கல்யாணத்துக்கு முந்தைய என் அம்மாவை, ஒரு படத்துக்காக மழையில் அழுதுகொண்டு நின்ற அந்தப் பெண்ணை, அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

படம் பார்த்த நினைவை எழுதுவது சினிமா அளவுக்கே பழைய பழக்கம். சினிமாவின் முன்னோடிகளான லூமியர் சகோதரர்கள் பாரிஸில் கட்டணம் வாங்கிப் படம் காட்டியது 1895 டிசம்பர் 28-ல். அடுத்த கோடையிலேயே எழுத்தாளர் மாக்சிம் கார்க்கி, ரஷ்யாவின் நிஷ்னி நோவ்கரோதில் தான் பார்த்த படக்காட்சியைப் பற்றி உள்ளூர் நாளிதழில் எழுதிவிட்டார். நிறமும் சத்தமும் இல்லாத அந்த உலகம் தன்னை என்ன செய்தது என்று எழுதினார். கூடவே, படம் காட்டிய கேளிக்கை விடுதி எப்படிப்பட்டது, அங்கே யாரெல்லாம் வருகிறார்கள் என்பதையும் எழுதினார். எந்த இடத்தில், யார் நடுவில் உட்கார்ந்து பார்த்தோம் என்பதைப் படத்திலிருந்து பிரிக்க முடியாது என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

திரையில் ரயில் வருவதைப் பார்த்து முதல் பார்வையாளர்கள் எழுந்து ஓடினார்கள் என்ற கதை நமக்கெல்லாம் தெரியும். அந்த டிசம்பர் 28 நிகழ்ச்சியில் ரயில் படமே இல்லை. பிறகு காட்டியபோதும் கூட்டம் அலறி ஓடியதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆனாலும் நூறு வருடத்துக்கு மேலாக அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். அம்மாவின் மழை மாதிரிதான் அதுவும். அன்று நெஞ்சு எவ்வளவு அடித்துக்கொண்டது என்பதைச் சொல்ல அந்த ஓட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய 'மெட்ரோபோலிஸ்' என்ற ஜெர்மன் மௌனப்படம் 1927 ஜனவரியில் பெர்லினில் வெளியானது. அந்த வருடமே வெட்டிக் குறைத்துவிட்டார்கள். வெட்டிய பகுதி அழிந்தேபோய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அர்ஜென்டினாவில் திரைப்படச் சங்கம் ஒன்றை நடத்திய ஒருவர், முன்பு எப்போதோ அந்தப் படத்தைத் திரையிட்டபோது அது ஏன் அவ்வளவு நேரம் ஓடியது என்று ஆச்சரியப்பட்ட கதையைச் சொல்லியிருக்கிறார். பேச்சுவாக்கில் சொன்ன நினைவு அது. ஃபெர்னாண்டோ பெனியா என்ற ஆய்வாளர் அதை மனதில் வைத்துக்கொண்டார். வருடங்கள் கழித்து, 2008-ல், புவனோஸ் ஐரிஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் பழைய பிரதியை எடுத்துப் பார்த்தபோது, உலகம் தொலைத்த காட்சிகள் அதில் இருந்தன. 2010-ல் சுமார் 25 நிமிடம் கூடுதலாகப் படம் திரும்பவும் திரைக்கு வந்தது. அந்தக் கதையை அன்றைக்கு யாராவது கிண்டலடித்து அடக்கியிருந்தால்?

தவறைத் திருத்தவே கூடாது என்று சொல்லவில்லை. இயக்குநர் பெயரையோ வருடத்தையோ மாற்றி எழுதினால் நானே சொல்வேன், என்னைத் திருத்தினாலும் சந்தோஷம்தான். ஆனால் ஒருவர் தன் வாழ்க்கையை எழுதும்போது அதற்கு நடுவே புகுந்து படத்துக்குத் தீர்ப்பு சொல்லாதீர்கள். போஸ்டர் மட்டும் ஒட்டிவிட்டுப் போகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். போஸ்டரை நான் எங்கே வேண்டுமானாலும் பார்த்துக்கொள்வேன். பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? இடைவேளையில் என்ன பேசினீர்கள்? வீட்டுக்குத் திரும்பும்போது யார் முதலில் வாயைத் திறந்தது? அதை எழுதுங்கள்.

இன்று காலை அம்மாவிடமும் நான்கு படம் கேட்டேன். முதலில் அதைத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, "மழைன்னு எழுதிறாத, சிரிப்பாங்க" என்றாள். மழையோடுதான் எழுதப்போகிறேன்.

நான்காவது படத்தை எடுத்துவிட்ட ஐயா, இது உங்கள் கண்ணில் பட்டால், தயவுசெய்து அதைத் திரும்பப் போடுங்கள். அன்று அக்கா எந்த இடத்தில் சிரித்தார், எந்த இடத்தில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார் என்று நீங்கள் எழுதினால் படிக்க நான் இருக்கிறேன்.