லூக் தோற்றது அல்ல என் வருத்தம்

ஸ்டார் வார்ஸ் விண்வெளிப் படவரிசையின் புதிய படங்கள் பழைய நாயகர்களைத் தோற்றவர்களாகக் காட்டியது துணிச்சல் என்கிறது ஒரு கட்டுரை. பாதிதான் ஒப்புக்கொள்கிறேன். 1983இல் வந்த படத்தில், பேரரசர் அவ்வளவு தூண்டியும் தந்தையைக் கொல்ல மாட்டேன் என்று வாளைத் தூக்கி எறிந்தவன் அந்த நாயகர்களில் ஒருவனான லூக். கொடியவனாகிவிட்ட அந்தத் தந்தை டார்த் வேடரிடமே நல்லதைத் தேடியவன், 2017 படத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் கூடப்பிறந்தவளின் மகனுக்கு எதிராக வாளை எடுக்கிறான். ஒரு கணத் தடுமாற்றம், உடனே வெட்கப்பட்டான், சரி. ஆனால் அந்தக் கணம்வரை அவனைக் கொண்டுவந்த வருடங்களைப் படம் காட்டவே இல்லையே!

அதே படத்தில் கிரெய்ட் என்ற கிரகத்தில் நடக்கும் கடைசிச் சண்டைக் காட்சியில் அழுதுவிட்டேன். தான் ஒதுங்கி வாழும் தீவைவிட்டு நகராமல் லூக் தன் உருவத்தை மட்டும் அங்கே அனுப்பி, ஒருவரையும் வெட்டாமல் தன் தரப்பில் மிச்சமிருந்தவர்களைத் தப்பவைக்கிறான். அப்புறம் இரட்டைச் சூரியனைப் பார்த்தபடி மறைகிறான். அங்கே என் பழைய லூக் இருந்தான். மார்க் ஹாமில் என்னமாய் நடித்திருக்கிறார்.

எனக்கு ஆறாத குறை வேறொன்று. பழைய நாயகர்களான லூக், அவனுடைய கூடப்பிறந்தவள் லேயா, தோழன் ஹான் மூவரும் புதிய மூன்று படங்களில் ஒரு காட்சியில்கூட ஒன்றாக நிற்கவில்லை. ஹானை 2015 படத்திலேயே கொன்றுவிட்டார்கள். 2016இல் லேயாவாக நடித்த கேரி ஃபிஷரும் போய்விட்டார். அந்த ஒரு காட்சியை இனி யாராலும் எடுக்க முடியாது.