கூடக் கொடுத்தால் குறையுமாம்!

புரொக்ஸ்மொக்ஸ் என்று ஒரு மென்பொருள், ஒரு சேர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டுவதற்கு. அதில் ஒருவருக்கு அனுமதி கூடக் கொடுத்தால் ஏற்கெனவே இருந்த அனுமதியும் போய்விடும் என்று ஒரு ஏற்பாடு! இது எந்த மண்டையில் உதித்ததோ!

முல்லைத்தீவில் இருந்து வேலை செய்கிற தம்பிக்கு அதில் 104ஆம் இலக்க மெய்நிகர் மெஷின். அவன் இருக்கிற குறூப்புக்கு அந்த மெஷினில் வீஎம் அட்மின் றோல், அதாவது மெஷினை முழுக்க ஆளுகிற அனுமதிக் கட்டு, இருந்தது, ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கிளிநொச்சியில் இருக்கிற எங்கள் பெரியவருக்கு அது பொறுக்கவில்லை. "ஓடிட்டர் றோலையும் அவருக்குப் போட்டுவிடும், றிப்போட் எழுத வேணும்." ஓடிட்டர் என்றால் பார்க்க மட்டும்தான், அது அட்மினுக்குள் அடக்கம் சேர் என்றேன். "போட்டுவிடும் எண்டால் போட்டுவிடும்."

சரி. புரொக்ஸ்மொக்ஸைத் திறந்து, டேட்டாசென்ரர், பெர்மிஷன்ஸ், அட், யூசர் பெர்மிஷன். பாதை, அதாவது அனுமதி எந்த இடத்துக்கு என்பது, 104. பெயர் அவனுடையது. றோல் பீவீஈ ஓடிட்டர். அழுத்தினேன். ஒரு எச்சரிக்கை? ஒரு சிவப்பு எழுத்து? மூச்! வரி அழகாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

உடனே போன். "அண்ணை, ஸ்டார்ட் பட்டன் மங்கிப்போய்க் கிடக்கு."

"வெளிய போய்த் திரும்ப வா தம்பி."

"வந்திட்டன் அண்ணை. கொன்சோலும் மங்கிப்போச்சு."

"வேற பிரவுசர்ல பார்."

"அதிலயும் அப்பிடித்தான். அண்ணை, என்னை வேலையால நிப்பாட்டிப் போட்டினமோ?"

பாவம், பயந்துபோனான். திரையில் பார்த்தால் குறூப்பின் வரியும் இருக்கிறது, அவன் பெயர் போட்ட வரியும் இருக்கிறது. இரண்டும் ஒன்றும் அறியாத பிள்ளைகள் போலப் பக்கத்தில் பக்கத்தில். சட்டம் என்னவென்றால், ஒரே பாதையில் ஆளின் பெயருக்குத் தனியாக ஒரு றோல் கொடுத்தால் குறூப்பால் வந்தது செல்லாது. பாயாசம் ஊற்றுகிறேன் என்று வந்து சோற்றோடு இலையைத் தூக்கிக்கொண்டு போன மாதிரி. மேல் பாதையில் கொடுத்ததைக் கீழ்ப் பாதையில் கொடுத்தது தள்ளிவிடும். நோ அக்சஸ் என்று ஒரு றோல் வேறு இருக்கிறது, அது அந்தப் பாதையில் உள்ள மற்ற எல்லா றோலையும் விழுங்கிவிடும். இதெல்லாம் கையேட்டில் எழுதியிருக்கிறதுதான். அந்த அட் பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடுமா?

(புதிதாக வருகிற எல்லாரும் "பாஸ்வேட் பிழை" என்று அழுவதை இங்கே சொல்லப்போவதில்லை. பாஸ்வேட் சரி. கீழே றெல்ம் என்ற பெட்டி, ஆளை எந்தப் பட்டியலில் தேடுவது என்று கேட்பது, லினக்ஸ் பாம் என்கிற சேர்வரின் சொந்தப் பட்டியலில் நிற்கும், அதை மாற்றவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றாது.)

சரி, அந்த ஓடிட்டர் வரியை அழித்துவிட்டால் முடிந்தது என்று கையை வைத்தேன். காற்றில்லை, மழையில்லை, கரண்ட் போய்விட்டது. மற்றக் கட்டடத்தில் இருக்கிற சேர்வரின் யூபிஎஸ் "கீ" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் படுத்துவிட்டது. இங்கே திரையில் "கிளஸ்ரர் நொட் ரெடி, நோ கோரம்?" கேள்விக்குறியோடு! என்னிடமா கேட்கிறாய்? கிளஸ்ரர் என்று கூட்டாக ஓட இருக்கிறதே இரண்டு சேர்வர், ஒன்று படுத்தால் கோரம் என்கிற பெரும்பான்மை இல்லை, பெரும்பான்மை இல்லாவிட்டால் அனுமதிகள் இருக்கிற ஃபைலில் ஒரு எழுத்தையும் தொட முடியாது, வாசிக்க மட்டும்தான். மூன்றாவது ஒன்று வாங்குவோம் என்று கேட்டபோது "அது என்னத்துக்கு, சும்மா சூடாகிக்கொண்டு கிடக்க" என்று காசை மிச்சம் பிடித்ததும் இதே பெரியவர்தான்.

தம்பி திரும்ப எடுத்தான். "அண்ணை, றிப்போட் எழுதட்டோ? பாக்க மட்டும் ஏலுது." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதடா ராசா, நீ முழு ஓடிட்டர் இப்போது.

பெரியவர் எட்டிப் பார்த்து, "றூட் பாஸ்வேட்டைத் தாரும், நானே பாக்கிறன்" என்றார். கும்பிட்டுவிட்டு ரீ குடிக்கப் போனேன். அங்கே முட்டை றோல்ஸ் என்று ஒன்றைத் தந்தார்கள். முழுவதும் உருளைக்கிழங்கு. முட்டை எங்கேயப்பா? காசு மட்டும் முட்டைக்கு வாங்குகிறீர்களே, எங்கே முட்டை?